சுவருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கோல்கீப்பர்களே,

பள்ளி மைதானத்தில் கையுறைகூட இல்லாமல் நிற்கும் பிள்ளைகள், மாவட்ட லீக்கில் ஆடும் தம்பி தங்கைகள், வயது ஏறியும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் போஸ்ட்டை விட்டுக்கொடுக்காத அண்ணன்கள், அக்காக்கள் என உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

கால்பந்து பேசுகிற இடத்தில் ஓயாத வாதம் ஒன்று உண்டு. ஃப்ரீ கிக் அடிப்பதில் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார்? ஜிகோ என்பார் ஒருவர். பெக்கம் என்பார் இன்னொருவர். இளையவர்கள் மெஸ்ஸி, ரொனால்டோ என்று இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். கொஞ்சம் ஆழமாகப் பார்த்தவர்கள் ஜூனின்யோவின் பெயரைச் சொல்வார்கள். வாதம் முற்றியதும் எண்ணிக்கைப் பட்டியல் வெளியே வரும். அடித்தவர்களைக் கேட்கிறார்கள், பயிற்சியாளர்களைக் கேட்கிறார்கள், கணக்கு வைத்திருப்பவர்களைக் கேட்கிறார்கள். அந்தப் பந்துகளை எதிர்கொண்டு நின்ற உங்களை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி முதலில் உங்களுக்குத்தான் உண்டு என்று நம்புகிறேன். அதை நீங்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த மடலின் நோக்கம்.

எண்ணிக்கை ஏன் போதாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிகோவுக்கு 101 என்கிறது ஒரு பட்டியல். ஜூனின்யோவுக்கு 77, பெக்கமுக்கு 65 என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மெஸ்ஸியும் ரொனால்டோவும் அறுபதைத் தாண்டியவர்கள். ஆனால் எந்தெந்த ஆட்டங்களைச் சேர்த்து எண்ணினார்கள் என்பது பட்டியலுக்குப் பட்டியல் மாறுகிறது. பழைய ஆட்டங்கள் பலவற்றுக்குப் படச்சுருளே இல்லை. எத்தனை முறை அடித்து எத்தனை உள்ளே போயின என்ற கணக்கு பழையவர்களுக்குக் கிடைப்பது அரிது. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சுவரில் இருந்த ஒருவரின் தோளில் பட்டுத் திசைமாறி உள்ளே உருண்ட பந்தும், முப்பது மீட்டரிலிருந்து மேல்மூலையில் இறங்கிய பந்தும் பட்டியலில் ஒரே ஒரு கோல்தான். உங்களுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே நான் வேறோர் அளவுகோலை உங்கள் முன் வைக்கிறேன். அடித்தவர் கோல்கீப்பரிடம் என்ன கேள்வி கேட்டார்? அந்தக் கேள்வி அதற்குமுன் யாரும் கேட்காததா? அப்படி எத்தனை கேள்விகள் அவரிடம் இருந்தன?

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்போம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். எதிரணியினர் பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு, கத்தியும் கையசைத்தும் சுவரை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறீர்கள். கோலின் ஒரு பக்கம் சுவரின் பொறுப்பு, மறுபக்கம் உங்கள் பொறுப்பு. அதுதான் உடன்படிக்கை. ஆனால் உங்களைக் காக்க வந்த அதே சுவர்தான் பந்தையும் உங்கள் கண்ணிலிருந்து மறைக்கிறது. 25 மீட்டர் தொலைவிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும் பந்து, கோலுக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு நொடி எடுக்கும். அதில் முதல் மூன்றிலொரு பங்கு சுவரைக் கடப்பதற்கே போய்விடுகிறது. மிச்சமுள்ள நேரத்தில் பார்த்து, முடிவெடுத்து, இரண்டடி நகர்ந்து, பாய வேண்டும். நேரம் போதாது என்பதால் பந்து கிளம்புவதற்குச் சற்று முன்பே உங்கள் உடல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. பெரிய ஃப்ரீ கிக் வீரர்கள் எல்லாருமே உங்களுடைய அந்த ஓரடியைத்தான் குறிவைத்தார்கள். அவர்களை ஒப்பிட வேண்டிய இடமும் அதுதான்.

முதல் கேள்வியைக் கேட்டவர் பிரேசிலின் டிடி. 1957 ஏப்ரலில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் பெருவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். சுவருக்கு மேலே எழும்பிய அவருடைய ஃப்ரீ கிக், வெளியே போகும் பந்து என்று தோன்றிய நேரத்தில் சட்டென்று கீழே இறங்கி உள்ளே விழுந்தது. பிரேசில் 1-0 என்று வென்று 1958 சுவீடன் உலகக் கோப்பைக்குச் சென்றது. அங்கே கோப்பையையும் வென்றது. சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவரும் டிடிதான். இந்த அடிக்கு பிரேசில்காரர்கள் ‘காய்ந்த இலை’ என்று பெயரிட்டார்கள். உயரமாக வரும் பந்தை விட்டுவிடலாம் என்று அதுவரை கோல்கீப்பர்களுக்கு இருந்த நிம்மதியை டிடி பறித்துக்கொண்டார்.

சுழலும் பந்து ஏன் வளைகிறது என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஹைன்ரிக் குஸ்டாஃப் மாக்னஸ் 1850களிலேயே ஆராய்ந்து வைத்தார். சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. காற்று பந்தை மறுபக்கமாகத் தள்ளுகிறது. பந்து பக்கவாட்டில் சுழன்றால் பக்கவாட்டில் வளையும். முன்னோக்கிச் சுழன்றால் கீழே குத்தும். இந்த விதியைக் காலால் எழுதியவர்கள் டிடியின் வழிவந்தவர்கள்.

அவர்களில் தலையானவர் ஜிகோ. ஃபிளமெங்கோ அணியின் பயிற்சி மைதானத்தில் கோலின் மேல்மூலையில் ஒரு சட்டையைத் தொங்கவிட்டு, மற்றவர்கள் போன பிறகும் அதைக் குறிவைத்து அடித்துக்கொண்டே இருந்தவர். 1982 உலகக் கோப்பையில் செவியா நகரில் ஸ்காட்லாந்துக்கு எதிராக அவர் அடித்ததைப் பாருங்கள். சுவருக்கு மேலே எழுந்த பந்து மேல்மூலைக்குள் போகிறது. ஸ்காட்லாந்து கோல்கீப்பர் ஆலன் ரஃப் நின்ற இடத்திலிருந்து பார்க்கிறார். அவர் சோம்பேறி அல்லர். பாய்ந்தாலும் எட்டாது என்பது அவர் உடலுக்குத் தெரிந்துவிட்டது. ஜிகோ உங்களிடம் கேட்ட கேள்வி நேர்மையானது: இதோ இந்த மூலையில்தான் போடப்போகிறேன், வந்துவிட முடியுமா?

அதே தலைமுறையில் பிரான்சின் மிஷேல் பிளாட்டினி. அவருடைய கதையில் உங்களில் ஒருவருக்குப் பங்கு உண்டு. நான்சி அணியில் இளைஞராக இருந்தபோது, பயிற்சி முடிந்த பிறகு மனித உயரப் பொம்மைகளைச் சுவராக நிறுத்தி அடித்துப் பழகினார். எதிரே நின்று அத்தனை பந்தையும் எதிர்கொண்டவர் அணியின் கோல்கீப்பர் ழான்-மிஷேல் மூத்தியே. பிளாட்டினியின் துல்லியத்தை உலகம் கொண்டாடியது. அந்தத் துல்லியத்தைத் தீட்டிய மறுபக்கக் கைகளைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. இதற்கு மடலின் முடிவில் திரும்பி வருகிறேன்.

டியேகோ மரடோனா தூரத்தையே இல்லாமல் செய்து காட்டினார். 1985 நவம்பர் 3, நேப்பிள்ஸ். யுவென்டஸுக்கு எதிராக பெனால்டி பாக்ஸுக்கு உள்ளேயே நாப்போலிக்கு ஒரு மறைமுக ஃப்ரீ கிக். சுவர் விதிப்படியான தூரத்தில்கூட நிற்கவில்லை. மிக அருகில் நின்றது. அவ்வளவு குறுகிய இடத்தில் பந்து சுவருக்கு மேலே ஏறி, கிராஸ்பாருக்குக் கீழே இறங்க வழியே இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். எரால்டோ பெச்சி பந்தை லேசாகத் தள்ளிவிட, மரடோனா இடது காலால் அதைத் தூக்கி, ஸ்டெஃபானோ தக்கோனியின் விரல்களுக்கு அப்பால் இறக்கினார். ஆட்டம் 1-0. வேகமே இல்லாத பந்து கோல்கீப்பரைத் தோற்கடிக்கும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. அவரிடம் நாப்போலியில் பாடம் கற்ற ஜியான்ஃபிராங்கோ ஸோலா, அதே வித்தையைப் பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

இனி வேகத்தை நம்பியவர்கள். 1974 உலகக் கோப்பையில் கிழக்கு ஜெர்மனிக்கு எதிராக பிரேசிலின் ரிவெலினோ செய்தது வேறொரு தந்திரம். எதிரணிச் சுவருக்குள் தன் அணியின் ஜெய்ர்ஸின்யோவை நிறுத்தினார்கள். அடித்த கணத்தில் ஜெய்ர்ஸின்யோ கீழே விழ, திறந்த இடைவெளியில் பந்து நுழைந்து வலையில் சேர்ந்தது. உங்கள் சுவர் மீது நீங்கள் வைத்த நம்பிக்கையையே குறிவைத்த கோல் அது. எதிரணியினர் சுவருக்குள் நுழைந்து கோல்கீப்பரை மறைப்பது தொடர்ந்துகொண்டே இருந்ததால், மூன்று பேரோ அதற்கு மேலோ நிற்கும் சுவரிலிருந்து அடிக்கும் அணியினர் ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்று 2019இல் விதி வந்தது. உங்களுக்கு நியாயம் கிடைக்க 45 ஆண்டுகள் ஆயின.

1992 மே மாதம் வெம்ப்ளியில் ரோனால்ட் கூமன் கூடுதல் நேரத்தில் அடித்த பந்து, சம்ப்டோரியாவின் ஜியான்லூகா பல்யூகாவைத் தாண்டிப் போய் பார்சிலோனாவுக்கு அதன் முதல் ஐரோப்பியக் கோப்பையைக் கொண்டுவந்தது. அது சுழற்சியின் வித்தை அல்ல. கொஞ்சம் உருட்டிவிடப்பட்ட பந்தை, சுவர் தன்னைச் சரிசெய்துகொள்ளும் முன் முழு வேகத்தில் நேராக அடித்த துணிவு.

1997 ஜூன் 3 அன்று லியோன் நகரில் ராபர்ட்டோ கார்லோஸ் அடித்ததை உங்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. ஏறக்குறைய 35 மீட்டர். இடது காலின் வெளிப்பக்கத்தால் அடித்த பந்து, கோலுக்கு வெகு தூரம் வெளியே பறந்து, அங்கே நின்ற பந்து எடுத்துக்கொடுக்கும் சிறுவன் குனியும் அளவுக்கு விலகி, பிறகு வளைந்து திரும்பி போஸ்ட்டில் பட்டு உள்ளே போனது. ஃபாபியன் பார்த்தேஸ் அசையவே இல்லை. அவரை இன்றும் பழிப்பவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2010இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் சிலர் இந்தப் பந்தின் பாதையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். சுழலும் பந்து காற்றில் வேகம் இழக்க இழக்க அதன் வளைவு கூடிக்கொண்டே போகும். தூரம் போதிய அளவு இருந்தால் அது நத்தை ஓட்டின் சுருள்போல இறுகும். சாதாரண ஃப்ரீ கிக் தூரத்தில் இந்தக் கடைசி இறுக்கத்தைக் காண முடியாது. ஆக, பார்த்தேஸ் தன் வாழ்நாளில் சந்தித்திராத பாதையில் வந்த பந்து அது. எந்த அனுபவம் அவருக்கு உதவியிருக்கும்? ராபர்ட்டோ கார்லோஸுக்கும் அப்படி ஒன்று மீண்டும் வாய்க்கவில்லை. ஒரே அடியை அளவாகக் கொண்டால் அவர்தான் முதல்வர். வாழ்நாள் முழுவதையும் பார்த்தால் அந்த இடம் அவருக்கு இல்லை.

இத்தாலிய லீக்கில் 28 ஃப்ரீ கிக் கோல்களை வைத்திருக்கிறார் சினிஷா மிஹாய்லோவிச். 1998 டிசம்பர் 13 அன்று லாட்சியோவுக்காக, தன் பழைய அணியான சம்ப்டோரியாவுக்கு எதிராக, ஒரே ஆட்டத்தில் மூன்று ஃப்ரீ கிக் கோல்கள் அடித்தார். மூன்றாவது முறை அவர் பந்தை வைத்தபோது அந்தக் கோல்கீப்பரின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்பது உங்களுக்குத்தான் புரியும். மிஹாய்லோவிச்சின் பலம், வேகமும் வளைவும் ஒரே இடது காலில், ஒரே ஓட்டத்தில் இருந்ததுதான். எது வரப்போகிறது என்பதை அவர் ஓடிவரும் விதத்தை வைத்துச் சொல்ல முடியாது.

டேவிட் பெக்கம் அப்படியல்ல. அவர் எங்கே போடுவார், எப்படி வளைப்பார் என்று உலகத்துக்கே தெரியும். இடது கையை விரித்து, உடலைச் சாய்த்து, வலது காலின் உட்பக்கத்தால் அடிப்பார். 2001 அக்டோபர் 6 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் கிரீஸுக்கு எதிரான ஆட்டத்தின் 93ஆவது நிமிடத்திலும் அதையேதான் செய்தார். அன்று அதற்குமுன் பல ஃப்ரீ கிக்குகள் வீணாகியிருந்தன. உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து நேரடியாகத் தகுதிபெறுவது அந்தக் கடைசி ஒன்றில் தொங்கியது. பந்து மேல்மூலைக்குள் போனபோது அந்தோனிஸ் நிகோபோலிடிஸ் நின்றபடியே பார்த்தார். தெரிந்த விடையைத் தடுக்க முடியாமல் செய்வது பெக்கமின் பெருமை. அழுத்தம் கூடக் கூட அவர் கால் நடுங்கவில்லை என்பது அதைவிடப் பெரிய பெருமை.

ஜப்பானின் ஷுன்சுகே நகமுராவும் அந்த வகைதான். 2006 செப்டம்பரில் செல்டிக் அணிக்காக மான்செஸ்டர் யுனைட்டடின் எட்வின் வான் டெர் சாரை ஃப்ரீ கிக்கில் வீழ்த்தினார். நவம்பரில் மீண்டும் அதே கோல்கீப்பர், மீண்டும் ஃப்ரீ கிக், மீண்டும் கோல். உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர், இரண்டு மாத முன்னறிவிப்போடு நின்றும் தடுக்க முடியவில்லை. ஐரோப்பாவையும் தென் அமெரிக்காவையும் மட்டும் எண்ணும் பட்டியல்களில் இவர் பெயர் விடுபட்டுப்போவது வருத்தம் தருகிறது. இதே ஜப்பானின் ஆயா மியாமா, 2011 பெண்கள் உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் வெற்றி கோல் அடித்தவர். ஜப்பான் அந்தக் கோப்பையை வென்றது. பெண்கள் ஆட்டத்தின் ஃப்ரீ கிக்குகளுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை என்பதும் சரிசெய்ய வேண்டிய குறை.

இப்போது ஜூனின்யோவுக்கு வருகிறேன். 2001இல் பிரேசிலிலிருந்து பிரான்சின் லியோன் அணிக்கு வந்தார். 2002 முதல் 2008 வரை தொடர்ந்து ஏழு முறை அந்த அணி லீக் கோப்பையை வென்றது. அங்கே அவர் அடித்த 100 கோல்களில் 44 ஃப்ரீ கிக். ஆனால் அவர் மாற்றியது எண்ணிக்கையை அல்ல, பந்தின் நடத்தையை. சுழற்சியே இல்லாமல் பந்தை அனுப்பினார். சுழலாத பந்தின் தையல்களில் காற்று ஒழுங்கின்றிப் பிரிவதால், அது வாலறுந்த பட்டம்போல வழியெல்லாம் ஆடிக்கொண்டு வரும். வளையும் பந்துக்கு ஒரு பாதை உண்டு, பழகினால் கணிக்கலாம். இதற்குப் பாதையே கிடையாது. அடித்தவருக்கே கடைசி அசைவு தெரியாதபோது உங்களுக்கு எப்படித் தெரியும்?

2003 நவம்பரில் மியூனிக் நகரில் ஒலிவர் கான் காத்து நின்ற பயர்ன் கோலில் ஒன்று. 2009 பிப்ரவரியில் பார்சிலோனாவின் விக்டர் வால்டெஸ் காத்து நின்ற கோலில், இடது ஓரத்திலிருந்து, யாரும் நேரே அடிக்க நினைக்காத கோணத்திலிருந்து ஒன்று. ஓரத்திலிருந்து சகவீரரின் தலையைத் தேடி அனுப்பும் பந்து என்று நினைத்து அடி முன்னே வைத்தால் கோல். பின்னே நின்றால் உண்மையாகவே தலைக்கு வந்துவிடும். 20 மீட்டரானாலும் சரி, 40 மீட்டரானாலும் சரி, நேரானாலும் சரி, ஓரமானாலும் சரி, அவர் பந்தைக் கையில் எடுத்து வைத்துவிட்டால் கோல்கீப்பருக்கு அது ஆபத்துதான்.

அவரைப் பார்த்துப் படித்தவர்களே அவருடைய உயரத்துக்குச் சாட்சி. இத்தாலியின் ஆந்திரேயா பிர்லோ, ஜூனின்யோவின் அடியை விடாமல் ஆராய்ந்து, பந்தின் அடிப்பாகத்தை மூன்று கால்விரல்களால் சந்திக்க வேண்டும் என்று கண்டுபிடித்த கதையைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கிறிஸ்டியானோ ரொனால்டோ அந்த வழியை வேகத்தோடு கலந்தார். 2008 ஜனவரியில் போர்ட்ஸ்மத் கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸைத் தாண்டிப் போன அவருடைய பந்து, பார்த்த எவருக்கும் மறக்காது. ஆனால் காலம் செல்லச் செல்ல அந்தக் கேள்வி பழகிப்போனது. உலகக் கோப்பை, யூரோ இரண்டிலும் சேர்த்து ரொனால்டோ அடித்த நேரடி ஃப்ரீ கிக் கோல் ஒன்றே ஒன்றுதான்: 2018இல் சோச்சியில் ஸ்பெயினுக்கு எதிராக, 88ஆவது நிமிடத்தில். அன்று சுழற்சியோடுதான் அடித்தார்.

மெஸ்ஸி பிறவியிலேயே இதில் வல்லவர் அல்லர். கற்றுக்கொண்டு வந்தவர். 2009இல் மார்சேய் நகரில் அர்ஜென்டினா அணியின் பயிற்சியில் ஒரு ஃப்ரீ கிக் தவறிப்போய் மெஸ்ஸி சலித்துக்கொண்டு கிளம்பியபோது, அணியின் பயிற்சியாளராக இருந்த மரடோனா அவரை நிறுத்தி, பந்திலிருந்து காலை அவ்வளவு சீக்கிரம் எடுக்காதே என்று காட்டிக்கொடுத்ததாக அங்கிருந்த உடற்பயிற்சியாளர் ஃபெர்னாண்டோ சிக்னோரினி சொல்லியிருக்கிறார். பத்தாண்டு கழித்து, 2019 மே 1 அன்று, லிவர்பூலின் அலிஸான் காத்து நின்ற கோலின் மேல்மூலைக்குள் மெஸ்ஸி அனுப்பிய பந்து பார்சிலோனாவுக்கு அவருடைய 600ஆவது கோல். மெஸ்ஸியின் தனித்தன்மை, உங்கள் அந்த ஓரடியைப் படிப்பது. நீங்கள் சுவரின் பக்கம் சாய்ந்தால் உங்கள் பக்கம் போடுவார். உங்கள் பக்கமே நின்றால் சுவருக்கு மேலே போடுவார். சுவர் குதிக்கும் என்று தெரிந்தால் அதற்கு அடியிலேயே உருட்டிவிடுவார்.

என் தீர்ப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலிடம் ஜூனின்யோவுக்கு. காரணம், கோல்கீப்பரிடம் கேட்கக்கூடிய கேள்விகள் அத்தனையும் அவரிடம் இருந்தன. அவற்றில் ஒன்று அவர் கையால்தான் உலகுக்கு வந்தது. இரண்டாமிடம் ஜிகோவுக்கு. பந்து கனமாகவும், மழையில் நீர் குடித்தும் கிடந்த காலத்தில் அந்தத் துல்லியம் இன்றைய பந்தால் அடிப்பவர்களுக்கு எட்டாதது. மூன்றாவது மிஹாய்லோவிச், நான்காவது மெஸ்ஸி. லியோன் ஜூனின்யோவின் காலத்தில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியைத் தாண்டவில்லை, பெக்கமுக்கு வாய்த்த மேடை அவருக்கு வாய்க்கவில்லை என்பது சரியான மறுப்புதான். கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு ஃப்ரீ கிக், அதில் எல்லாம் முடிவாகும் என்றால் நானும் பெக்கமை அழைப்பேன். ஆனால் ஒரு பருவம் முழுக்க எந்தக் கோல்கீப்பருக்கும் தூக்கம் வராமல் செய்ய வேண்டும் என்றால் ஜூனின்யோவுக்கு இணை கிடையாது.

இது பார்வையாளன் ஒருவனின் தீர்ப்பு. மாற்றி எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைச் செயலிலேயே நிலைநாட்டியவர் உங்கள் கூட்டத்திலேயே ஒருவர் இருக்கிறார். சாவோ பாலோ அணியின் கோல்கீப்பர் ரொஜேரியோ செனி, தன் வாழ்நாளில் 131 கோல்கள் அடித்தார். அவற்றில் பாதிக்கு நெருக்கமானவை ஃப்ரீ கிக். 2011 மார்ச்சில் கொரிந்தியன்ஸுக்கு எதிராக அவர் அடித்த நூறாவது கோலும் ஃப்ரீ கிக்தான். எதிரே நிற்பவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது தன் உடம்பிலேயே தெரிந்திருந்ததால் அடித்தார். அடிப்பவரின் மனம் தெரிந்திருந்ததால் தடுக்கவும் செய்தார். 2005 இறுதியில் யோகோஹாமாவில் நடந்த கிளப் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்டீவன் ஜெரார்டின் ஃப்ரீ கிக்கை அவர் பாய்ந்து தட்டிவிட்டது, அவர் அடித்த எந்தக் கோலுக்கும் குறைந்ததல்ல.

இனி உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, உங்கள் மீது சுமத்தப்படும் பழியை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். 1984 யூரோ இறுதியாட்டத்தில் பிளாட்டினியின் ஃப்ரீ கிக் ஸ்பெயினின் லூயிஸ் அர்கோனாடாவின் உடலுக்குக் கீழே நழுவி உள்ளே போனது. அவர் ரியல் சோசியதாத் அணிக்கு இரண்டு லீக் கோப்பைகள் வென்று கொடுத்தவர். ஸ்பெயின் அந்த இறுதியாட்டம் வரை வந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதையெல்லாம் மறந்து, பல்லாண்டுகள் அந்த ஒரு நழுவலை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2002இல் ஷிசுவோகாவில் ரொனால்டின்யோவின் பந்து தலைக்கு மேலே இறங்கியதற்காக டேவிட் சீமனையும் அப்படித்தான் பேசினார்கள். 2008இல் ஸ்பெயின் யூரோ கோப்பையை வென்றபோது, மாற்று கோல்கீப்பர் ஆந்த்ரேஸ் பாலோப், அர்கோனாடா 1984இல் அணிந்த சட்டையை அணிந்துகொண்டு பதக்கம் வாங்கப் போனார். அன்று பதக்கம் அணிவித்தவர் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத் தலைவராக இருந்த பிளாட்டினி. ஒரு கோல்கீப்பரின் மானத்தை இன்னொரு கோல்கீப்பர் 24 ஆண்டுகள் கழித்து மீட்டார். சுவர் குதித்ததா, அடித்தவர் என்ன செய்தார், பந்து எப்போது கண்ணுக்குத் தெரிந்தது என்றெல்லாம் கேட்காமல் உங்கள் அணியில் ஒருவரைப் பழித்தால், அந்த இடத்தில் நீங்கள் வாய் திறக்க வேண்டும்.

இரண்டாவது, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். உங்கள் ஊர் மைதானத்தில் யாருடைய ஃப்ரீ கிக்குக்கு நீங்கள் பயப்படுகிறீர்கள்? ஏன்? பந்து எந்த இடத்தில் உங்களை ஏமாற்றுகிறது? இவற்றை எழுதியும் பேசியும் வையுங்கள். அடிப்பவர்களின் பேட்டிகளால் நிரம்பிய இந்த வரலாற்றில் பாதி இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. அந்தப் பாதி உங்களிடம் இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். ஃப்ரீ கிக் கலை மெலிந்து வருகிறது. பெரிய லீக்குகளில் நேரடியாக அடிக்கப்படும் ஃப்ரீ கிக்குகளில் நூற்றுக்குப் பத்துகூட உள்ளே போவதில்லை. அதைக் கணக்கிட்டுப் பார்த்த அணிகள் பந்தைச் சகவீரருக்குத் தள்ளிவிடவே விரும்புகின்றன. தடுப்பவர்களும் தேறிவிட்டார்கள். 2018இல் பார்சிலோனாவுக்கு எதிராக இன்டர் வீரர் மார்செலோ புரோசோவிச் சுவருக்குப் பின்னால் தரையில் படுத்து லூயிஸ் சுவாரெஸின் தரையோடு வந்த பந்தைத் தடுத்த பிறகு, சுவருக்கு அடியில் போடும் வழியும் பெரும்பாலும் அடைபட்டது. ஆனாலும் கதவு மூடிவிடவில்லை. 2025 ஏப்ரலில் ஆர்சனலின் டெக்லன் ரைஸ், அதற்குமுன் தன் தொழில்முறை வாழ்வில் ஒரு நேரடி ஃப்ரீ கிக் கோல்கூட அடித்திராதவர், ரியல் மாட்ரிட்டின் திபோ கூர்ட்வாவுக்கு எதிராக ஒரே இரவில் இரண்டு அடித்தார். முதலாவது சுவரைச் சுற்றிப் போனது, அடுத்தது மேல்மூலைக்குப் பறந்தது.

அப்படிப்பட்ட கால்கள் உங்கள் அணியிலும் இருக்கலாம். பயிற்சி முடிந்து எல்லாரும் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடும் நேரத்தில், “அண்ணா, கொஞ்ச நேரம் நிக்கிறீங்களா, பத்து பந்து அடிச்சுப் பாக்கணும்” என்று ஒரு பையனோ பெண்ணோ வந்து கேட்டால், மறுக்காதீர்கள். காலியான கோலில் அடித்துப் பழகி யாரும் ஜிகோ ஆகவில்லை. எதிரே ஒருவர் நின்று, பாய்ந்து, தட்டி, இது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது, இன்னொரு மாதிரி அடி என்று சொன்னால்தான் அடுத்த கேள்வி பிறக்கும். மூத்தியே நான்சியில் நின்றார், பிளாட்டினி பிறந்தார். உங்கள் மைதானத்தில் யார் பிறப்பார்கள் என்பது நீங்கள் நிற்பதைப் பொறுத்தது. நில்லுங்கள். முடிந்த மட்டும் ஒன்றையும் உள்ளே விடாதீர்கள். நீங்கள் எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறீர்களோ, அவ்வளவு பெரியவராக அவர்கள் வருவார்கள்.

என்றும் உங்கள் பக்கம்,
ஒரு கால்பந்து ரசிகன்